வெயில் நமது, கலம் எவரது?

வெயில் ஏற ஏறச் சூரியப் பலகையின் மின்சாரமும் ஏறுமென்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். உண்மை முற்றும் அவ்வாறன்று. ஒளி உதவுகிறது, உஷ்ணமோ கெடுக்கிறது. பலகையின் முதுகில் அச்சிட்டிருக்கும் சக்தி, அதிலுள்ள மின்கலம் 25 டிகிரி உஷ்ணத்தில் இருக்கையில் அளந்தது. கோட்டுச்சேரியில் சித்திரை மாதத்து மெத்தையின்மேல் அக்கலம் 60 டிகிரியை எளிதில் எட்டும். அப்பொழுது சிலிக்கன் கலம் குறித்த சக்தியிற் பத்திலொரு பங்குக்கு மேல் இழந்துவிடும். முழு விலை கொடுத்துக் குறை மரக்கால் வாங்குவது போன்றதே இது.

இதனை வெல்ல உலகத்து விஞ்ஞானிகள் நானோப் பொருள்களை நாடுகின்றனர். மீட்டரில் நூறு கோடியிலொரு பங்கே நானோ மீட்டர். அந்நுட்ப அளவில் பொருளின் குணமே மாறுகிறது. துகளின் பருமனை மாற்றினால் அது ஏற்கும் ஒளியின் நிறமும் மாறும். இத்தகைய துகள்களைக் கண்டு சமைத்தோர் மூவருக்கு 2023-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1991-ல் ஸ்விட்ஸர்லாந்தில் கிரெட்ஸெல் என்பார் டைட்டானியம் டையாக்ஸைடின் நுண்துகளிற் சாயமேற்றி மலிவான கலமொன்றைச் செய்தார். அத்துகளுக்கு மூலமான இல்மனைட் நமது மணவாளக்குறிச்சி மணலிலேயே கிடக்கிறது! 2009-ல் ஜப்பானின் மியாஸகா சாயத்துக்குப் பதிலாகப் பெராவ்ஸ்கைட் என்னும் படிகத்தை வைத்தார். அன்று விழுந்த ஒளியில் 100-க்கு 4 பங்குகூட மின்சாரமாகவில்லை. இன்று அப்படிகம் சிலிக்கனோடு கூடி 34-ஐக் கடந்திருக்கிறது. தனிச் சிலிக்கனுக்கோ 29-க்கு மேல் வழியில்லை. உஷ்ணத்தால் அப்படிகம் இழப்பதும் குறைவு.

ஆயினும் ஈரம் அதற்குப் பரம சத்துரு. நானோ அளவிலான காப்புப் படலங்களால் ஈரத்தைத் தடுக்க முயல்கின்றனர். அப்படலம் ஐப்பசி அடைமழையையும் உப்புக்காற்றையும் தாங்குமாவென்று குளிர்தேசத்து ஆய்வுசாலை சொல்லிவிட முடியுமா? கோட்டுச்சேரிக் கடற்கரையன்றோ அதற்குச் சாட்சி!

2010-ல் தோன்றிய தேசியத் தொழில்நுட்பக் கழகம் அடுத்த திருவேட்டக்குடியிலேயே இருக்கிறது. அங்கே திறந்தவெளிப் பரீட்சைக்களம் அமைய வேண்டும். கோடையும் மழையும் கண்ட கலங்களின் கணக்கைத் தமிழில் வெளியிட வேண்டும். சர்க்கார் பலகை வாங்கும் ஒப்பந்தத்தில் அக்கணக்கே நிபந்தனையாக வேண்டும். தேசபக்தர்கள் மேடைதோறும் இதனைக் கேட்பார்களாக!

நாம் இதுவரை பொருத்தியவற்றிற் பெரும்பகுதி சீனத்துக் கலங்களே. கடல் நமதாயிருந்தும் கலம் நமதன்று என்ற மானத்தினாலன்றோ 1906-ல் சிதம்பரம் பிள்ளை கப்பல் கம்பெனி கண்டார்? இன்று வெயில் நமது. கலமும் நமதாகுக!