திராட்சைத் தோட்டமும் கோடைக் கவாத்தும்

குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலைகளை உதிர்த்து உறங்கும். இளவேனிலில் விழித்துத் துளிர்க்கும். ஆண்டுக்கு ஒரு கவாத்து, ஓர் அறுவடை என்பது அங்குள்ள முறை. நமது தக்காணத்திலோ கொடி உறங்குவதில்லை; வெட்டிவிட்டால் எம்மாதத்திலும் துளிர்க்கும். இவ்வியல்பைப் பயன்படுத்தித் தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் பன்னீர் திராட்சை அறுவடையாகிறது. நாட்டின் விளைச்சலில் பெரும்பகுதியை வழங்கும் மகாராஷ்டிரத்தின் நாசிக், சாங்லி, சோலாப்பூர் மாவட்டங்களில் வேறொரு முறை நிலைபெற்றுள்ளது. அங்கு ஆண்டுக்கு இருமுறை கவாத்து. ஒருமுறை மட்டுமே அறுவடை. காயில்லாத அந்த முதல் கவாத்தே தோட்டத்தின் வருவாயை முடிவு செய்கிறது என்பது பலரும் அறியாத உண்மை.

தோட்டம் அமைத்தல்

திராட்சை பெருமுதலீட்டுப் பயிர். கல் அல்லது இரும்புத் தூண்களும் கம்பிப் பந்தலும், சொட்டு நீர்ப் பாசனக் குழாய்களும் தொடக்கத்திலேயே தேவைப்படுகின்றன. விதையற்ற தாம்சன் வகையும் அதிலிருந்து தெரிவு செய்யப்பட்ட வகைகளும் பெரிதும் பயிராகின்றன. முன்பு இவற்றைத் தம் வேரிலேயே வளர்த்தனர். நிலத்திலும் நீரிலும் உப்புத்தன்மை மிகுந்து, நீர்ப் பற்றாக்குறையும் சேர்ந்தபோது விளைச்சல் குன்றியது. ஆகவே வறட்சியையும் உப்பையும் தாங்கும் டாக்ரிட்ஜ் போன்ற வேர்ச்செடிகளை முதலில் நட்டு, அவை வேரூன்றியபின் விரும்பிய வகையை ஒட்டுக் கட்டும் வழக்கம் 1990களிலிருந்து பரவியது.

கோடையில் உருவாகும் காய்

அறுவடை முடிந்தபின், ஏப்ரல் மாதத்தையொட்டி, கிளைகளை ஓரிரு மொட்டுகள் மட்டும் எஞ்சுமாறு வெட்டிவிடுகின்றனர். புதிய தளிர்கள் வளர்ந்து முற்றிக் கொம்புகளாகின்றன. இக்கொம்புகளின் மொட்டுகளுக்குள், கவாத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதங்களுக்குள், அடுத்த அறுவடைக்கான பூங்கொத்தின் கரு தோன்றுகிறது. அந்நாட்களில் வெயில் மொட்டின்மீது பட வேண்டும். தழைச்சத்து மிகுந்தால் கொடி இலையாகவும் தண்டாகவும் நீளுமேயன்றிக் கரு கட்டாது. நெருங்கிய தளிர்களை நீக்குவதும், நுனியைக் கிள்ளிப் பக்கக் கொம்பை வளர்ப்பதும், மணிச்சத்தையும் சாம்பல் சத்தையும் அளவறிந்து இடுவதும் இதற்காகவே. கவாத்து தாமதமானால் கரு கட்டும் பருவம் மழைக்கால மேகமூட்டத்தில் சிக்கி, பல மொட்டுகள் மலடாகிவிடும்.

அக்டோபர் மாதத்தையொட்டி இரண்டாம் கவாத்து நடைபெறுகிறது. எந்த மொட்டில் கரு உள்ளது என்பதை ஆய்வுக்கூடத்தில் சோதித்தறிந்து, அதற்கேற்ற நீளத்தில் கொம்பை வெட்டுவது நல்ல முறை. மொட்டுகள் சீராக விழிக்க ஹைட்ரஜன் சயனமைடு பூசப்படுகிறது. அக்காலத்து மழையில் அடிச்சாம்பல் நோய் தாக்கினால் பூங்கொத்து கருகும். பின்னர் மிகுதியான குலைகளை அகற்றி, ஜிப்ரலிக் அமிலக் கரைசலால் பழத்தின் பருமனைக் கூட்டுகின்றனர். பறித்தபின் திராட்சை பழுக்காது. எனவே இனிப்பு நிறைந்த பின்னரே அறுவடை செய்தல் வேண்டும். இத்தனை உழைப்பும், கோடையில் கட்டாத கருவை அக்டோபரில் உண்டாக்கிவிட இயலாது.

2010 தந்த பாடம்

கொடியின் மிதமிஞ்சிய வளர்ச்சியைத் தடுத்துக் கரு கட்டச் செய்ய, குளோர்மெகுவாட் என்னும் மருந்தைக் கோடைக் கவாத்துக்குப் பின் தெளிக்கும் பழக்கம் இருந்தது. 2010ஆம் ஆண்டுப் பருவத்தில் ஐரோப்பாவுக்குச் சென்ற திராட்சையில் அதன் எச்சம் அங்குள்ள வரம்பை மீறியது கண்டறியப்பட்டது. சரக்குப் பெட்டகங்கள் தடுக்கப்பட்டன. உழவரும் ஏற்றுமதியாளரும் பேரிழப்புக்கு உள்ளாயினர். ஏற்றுமதித் தோட்டங்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் கிரேப்நெட் முறை 2006 முதலே நடைமுறையில் இருந்தது. எனினும் அம்மருந்து அப்போதைய சோதனைப் பட்டியலில் இடம்பெற்றிருக்கவில்லை. கனியில்லாத காலத்தில் தெளித்தது கனியில் தங்காது என்ற நம்பிக்கை பொய்த்தது. கிள்ளுதலும் சத்துக் கட்டுப்பாடும் மருந்துக்கு மாற்றாக அதன்பின் வலியுறுத்தப்பட்டன.

கருதத்தக்கவை

கோடையில் தோட்டத்தில் விற்பதற்கு ஏதுமில்லை. கிணறுகள் வற்றும் காலமும் அதுவே. பண்ணைக்குட்டை உடையோர் சமாளிக்கின்றனர். வறட்சி ஆண்டுகளில் சிறு உழவர் தண்ணீர் லாரிக்குச் செலவிட நேர்கிறது. இயலாதோர் கொடியைக் காயவிடுகின்றனர். அதன் விளைவு எட்டு, ஒன்பது மாதங்களுக்குப் பின்னரே கண்ணுக்குத் தெரிகிறது. அப்போது பழி மழையின்மீதும் சந்தையின்மீதும் விழுகிறது.

ஆகவே பயிர்க்கடனின் கணிசமான பகுதி ஏப்ரல் மாதத்திலேயே கைக்குக் கிட்டுமாறு தவணைகளை அமைப்பது பயன் தரும். பண்ணைக்குட்டைத் திட்டங்களில் சிறு தோட்டங்களுக்கு முன்னுரிமை தேவை. மொட்டுச் சோதனை வசதி வட்டந்தோறும் எட்டினால், அறுவடை எவ்வளவு என்பதை அக்டோபருக்கு முன்பே கணித்து, அக்கணிப்புக்குத் தக உழவர் செலவைத் திட்டமிடலாம். திராட்சைத் தோட்டத்தில் கோடை ஓய்வுக்காலமன்று. அதுவே முதலீட்டுக் காலம். இதனை உழவரும் வங்கியும் விரிவாக்கப் பணியாளரும் ஒருங்கே உணர்ந்தால், சிறு தோட்டங்களும் நிலையான வருவாய் ஈட்ட இயலும்.