தென்னையின் தண்ணீர்ப் பாதை

பொள்ளாச்சிப் பக்கத் தோப்புகளில் தென்னைக்கு டானிக் கட்டும் வேலையைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தூருக்குப் பக்கத்தில் மண்ணைக் கிளறி, பென்சில் பருமனில் உயிருள்ள இளவேர் ஒன்றைத் தேடி எடுப்பார்கள். நுனியைக் கத்தியால் சாய்வாகச் சீவி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை டானிக் கரைசல் 200 மில்லி கொண்ட பாலிதீன் பைக்குள், வெட்டுமுனை அடியைத் தொடும்படி விட்டு, வாயை நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். வேர் நல்லதாக அமைந்தால் ஒரே நாளில் பை வற்றிவிடும். மோட்டார் எதுவும் இல்லை.

இழுப்பதெல்லாம் உச்சியில் இருக்கும் ஓலைதான். வெயில் ஏற ஏற, கீற்றின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகிறது. போன நீரின் இடத்துக்குப் பின்னால் இருக்கும் நீர் நகர்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்பவை. அதனால் அந்த இழுப்பு, தண்ணீரை மேலேற்றும் சைலம் குழாய்களுக்குள் அறுபடாமல் நிற்கும் நீர்ச் சங்கிலி வழியே வேர்வரை இறங்குகிறது. அயர்லாந்தின் டிக்சனும் ஜோலியும் 1894இல் தந்த விளக்கம் இது. காற்றழுத்தத்தை நம்பும் உறிஞ்சு பம்பு சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்றாது. நெட்டைத் தென்னையோ 20 மீட்டரைத் தாண்டி வளர்கிறது.

பெரும்பாலான செடிகள் மண்ணீரை வேர்த்தூவிகளால் உறிஞ்சுகின்றன. தென்னைக்குத் தூவியே கிடையாது. வேர்நுனிக்குச் சற்றுப் பின்னால் உள்ள இளம்பகுதியே அந்த வேலையைச் செய்கிறது. உள்ளே வந்த நீர் சைலத்தை அடையுமுன் அகத்தோல் என்ற அடுக்கு மறிக்கிறது. அதன் செல்களுக்கு இடையே நீர் புகாத பட்டை இருப்பதால், சந்து வழியாக நழுவ முடியாது. செல்லின் சவ்வைக் கடந்துதான் ஆகவேண்டும். எந்த உப்பை விடுவது, எதை நிறுத்துவது என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. டானிக் கட்டுபவரின் கத்தி இந்தக் காவலைத் தாண்டிச் சைலத்தை நேராகத் திறந்துவிடுகிறது. பூச்சிமருந்தும் இதே வழியில் தடையில்லாமல் ஏறிவிடும். அதனால்தான் மருந்து கட்டுமுன் முற்றிய காய்களைப் பறித்துவிடச் சொல்கிறார்கள். அடுத்த பறிப்புக்கு 45 நாள் பொறுக்கவும் சொல்கிறார்கள்.

எனக்கு மிகவும் வியப்பூட்டுவது தண்டு. வேம்பும் மாவும் அடிமரம் பருக்கப் பருக்கப் புதுச் சைலத்தைச் சேர்த்துக்கொள்கின்றன. ஓரிடத்தில் குழாய்கள் கெட்டாலும் புதியவை வரும். தென்னைக்கு அந்த வசதி இல்லை. குருத்துப் பகுதியில் ஒருமுறை உருவான குழாய்களே, அறுபது எழுபது ஆண்டுகள் ஆனாலும், அந்த மரத்துக்குக் கடைசிவரை தண்ணீர் ஏற்றவேண்டும். ஏறுவதற்காகத் தண்டில் படி வெட்டுகிறார்களே, அந்தக் காயத்தை மூடவும் அறுந்த குழாய்களுக்குப் பதில் வேறு தரவும் அங்கே புதுத்திசு வளராது.