புகைத்தவரின் நுரையீரலை நோயறியுமுன்பே சோதிப்பது ஏன்? எப்படி?
நுரையீரலின் உட்திசுவில் வலியை உணர்த்தும் நரம்புகள் அரிதாகையால், அங்கே முளைக்கும் புற்றுக்கட்டி இருமலாகவோ இரத்தமாகவோ வெளிப்படுமுன்பே பெரும்பாலும் முற்றிவிடுகிறது. சாதாரண எக்ஸ்ரே படத்திலோ விலா எலும்புகளும் இருதயத்தின் நிழலும் சிறு கட்டியை மறைத்துவிடுகின்றன. குறைந்த கதிர்வீச்சில் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன், மார்பை மெல்லிய குறுக்குவெட்டுகளாகக் காட்டுவதால், சில மில்லிமீட்டர் அளவேயுள்ள முடிச்சும் அதில் புலப்படுகிறது. அமெரிக்காவில் 53,454 பேரிடம் நடத்தப்பெற்று 2011இல் பிரசுரமான ஆராய்ச்சியில், எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்களைவிட ஸ்கேன் செய்துகொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோயால் நேர்ந்த மரணம் 20 சதவீதம் குறைந்தது. ஆகவே, 50 முதல் 80 வயதுக்குள், தினம் ஒரு பாக்கெட் வீதம் 20 வருஷங்களுக்குச் சமமாகப் புகைத்து, இன்னும் விடாதவரும், விட்டு 15 வருஷம் ஆகாதவரும் ஆண்டுதோறும் சோதித்துக்கொள்வது நலம் என்பது 2021இல் அந்நாட்டு நிபுணர் குழு செய்த சிபாரிசு. தென்படும் முடிச்சுகளில் மிகப் பெரும்பான்மை புற்றல்லாத பழந்தழும்பு முதலியனவே ஆதலால், சிறிய முடிச்சுக்கு உடனே கத்தியை எடுக்காமல், சில மாதங்கழித்து மறுபடம் எடுத்து, அது வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே வைத்தியர் கையாளும் முறை.