“நீங்க ரெண்டு தடவை பார்த்த படம் எது?” - பழைய படங்களுக்கு வழிகாட்டும் வீட்டுப் பெரியவர்கள்!

நாகேஷ் பேய்க் கதை சொல்கிறார். டி.எஸ்.பாலையா கேட்டுக்கொண்டிருக்கிறார். கதைக்கு வேண்டிய சத்தங்களையெல்லாம் நாகேஷே வாயால் கொடுக்கிறார். கேட்கக் கேட்க பாலையாவின் முகத்தில் பயம் ஏறிக்கொண்டே போகிறது. இந்தக் காட்சியின் ஒரு துண்டு அவ்வப்போது யாராவது ஒருவரின் மொபைலில் ரீல்ஸாக வந்துபோகிறது. பார்த்துவிட்டுச் சிரிக்கும் இருபது வயதுக்காரர்களில் பலருக்கு அது என்ன படம் என்று தெரியாது. பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ சத்தத்தைக் கேட்டாலே தெரியும்.

“இது ‘காதலிக்க நேரமில்லை’டா. இதுக்கப்புறம்தான் இன்னும் நல்லாருக்கும். முழுசாப் பாரு!”

1964-ல் ஸ்ரீதர் இயக்கிய ஈஸ்ட்மென் கலர் காமெடி அது. அப்பா பணத்தில் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று கம்பெனி ஆரம்பித்து, சினிமா எடுத்தே தீருவேன் என்று அலையும் செல்லப்பா கேரக்டரில் நாகேஷ். ரீல்ஸ் பார்த்துவிட்டுப் படத்துக்குப் போகிறவர்களுக்கு முதல் ஆச்சர்யம், அந்தக் கதை சொல்லும் காட்சி படத்தின் ஒரு சின்னப் பகுதிதான் என்பது. மீதி இரண்டரை மணி நேரமும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் போகும்.

பழைய படங்களைத் தேடிப் பார்க்கும் ஆர்வம் இன்றைக்குப் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. ஒரு மீம், ஒரு பாட்டு, இல்லையென்றால் ‘திருவிளையாடல்’ தருமி. ஆனால், அடுத்த படி எது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ‘பார்த்தே ஆகவேண்டிய 100 படங்கள்’ என்று இணையத்தில் பட்டியல்கள் நிறைய உண்டு. அவற்றில் ‘பராசக்தி’, ‘பாசமலர்’, ‘கர்ணன்’ எல்லாம் வரிசையாக இருக்கும். முதல் நாளே ‘பாசமலர்’ போட்டு, முக்கால் மணி நேரத்தில் “ஒரே அழுகை” என்று மூடிவைத்தவர்கள் அடுத்த பழைய படத்தைத் தொடுவதற்கு வருடக்கணக்காகும். படத்தின் மீது குற்றமில்லை. அண்ணன் தங்கை பாசம் அந்த உயரத்தில் பேசப்படுவதைக் கேட்க, காது கொஞ்சம் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தைப் பட்டியலால் கொடுக்க முடியாது. நம்மை அறிந்த ஒருவர் “முதல்ல இதைப் பாரு, அப்புறம் அதைப் பாரு” என்று சொல்ல வேண்டும்.

கேள்வியை மாற்றினால்...

வீட்டுப் பெரியவர்களிடம் “நல்ல பழைய படம் ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்டால், பெரும்பாலும் ஊருக்கே தெரிந்த நாலு பெயர்கள்தான் வரும். “நீங்க ரெண்டு தடவை பார்த்த படம் எது?” என்று கேட்டுப் பாருங்கள். டூரிங் டாக்கீஸ் காலத்தில் ஒரு படத்தை இரண்டாவது முறை பார்ப்பது சும்மா நடக்கும் காரியமல்ல. காசு தேற்ற வேண்டும், வீட்டில் அனுமதி வாங்க வேண்டும், துணைக்கு ஆள் பிடிக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டுப் பார்த்த படத்துக்குப் பின்னால் நிச்சயம் ஒரு காரணம் இருக்கும். பாட்டி ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) என்று சொல்லிவிட்டு, சிவாஜியைப் பற்றிப் பேசாமல் ஜில் ஜில் ரமாமணியாக வரும் மனோரமாவைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவான அந்தப் படத்துக்குள் நுழைய அதைவிட நல்ல வாசல் கிடையாது. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை அது. சிவாஜியின் விரல்களுக்குப் பின்னால் ஒலிக்கும் நாகஸ்வரம், மதுரை சகோதரர்கள் எம்.பி.என்.சேதுராமன் - பொன்னுசாமி வாசித்தது. இதெல்லாம் முன்பே தெரிந்துவிட்டால், படம் நீளம் என்ற புகாரே எழாது.

இன்னொரு கேள்வியும் பலன் தரும். “எல்லாரும் நல்லாயில்லைனு சொல்லி, உங்களுக்கு மட்டும் பிடிச்ச படம் எது?” இந்தக் கேள்விக்குத்தான் ‘அந்த நாள்’ போன்ற படங்கள் வெளியே வரும்.

பாட்டே இல்லாத சிவாஜி படம்

1954-ல் ஏவி.எம். தயாரிப்பில், வீணை எஸ்.பாலசந்தர் இயக்கிய படம் ‘அந்த நாள்’. ஒரு படத்தில் பத்துப் பதினைந்து பாடல்கள் இருப்பது சாதாரணமாக இருந்த காலத்தில், ஒரு பாட்டுகூட இல்லாமல் வந்தது. நடனமும் கிடையாது. ‘பராசக்தி’ வெளியாகி இரண்டு வருடங்கள்கூட முழுதாக ஆகவில்லை. சிவாஜியைப் பார்க்க வந்த ரசிகர்களுக்கு, தொடங்கிய சில நிமிடங்களிலேயே அவர் சுடப்பட்டு விழுவதைக் காட்டினார் பாலசந்தர். பிறகு யார் சுட்டது என்று ஜாவர் சீதாராமன் துப்பறிகிறார். மனைவி, தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையிலும் சிவாஜி வேறு மனிதராகத் தெரிகிறார்.

கதை நடப்பது 1943-ல், சென்னை மீது ஜப்பான் குண்டு வீசிய நேரத்தில். அந்தக் குண்டுவீச்சு உண்மையில் நடந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஜப்பான் விமானம் ஒன்று துறைமுகப் பகுதியில் குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. வீட்டில் தொண்ணூறு வயதைத் தொடும் யாராவது இருந்தால், அந்த நாள்களில் சென்னையை விட்டு ஊருக்குக் கிளம்பிய குடும்பங்களைப் பற்றிச் சொல்லக்கூடும். படம் பார்ப்பதற்கு முன்பே அதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

வெளியானபோது படம் வசூலில் தோற்றது. பாட்டு இல்லாததை ரசிகர்கள் மன்னிக்கவில்லை. தேசிய விருதுகளில் அந்த ஆண்டு தமிழின் இரண்டாவது சிறந்த படத்துக்கான நற்சான்றிதழ் கிடைத்தது. அதன் பிறகு படம் வாழ்ந்ததெல்லாம் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னதால்தான். குரோசவாவின் ‘ராஷோமோன்’ பார்த்தவர்கள் “அதே மாதிரி தமிழ்ல அப்பவே ஒண்ணு இருக்கு” என்று அடுத்தவருக்குச் சொன்னார்கள். இன்று த்ரில்லர் வெப் சீரிஸ் பார்த்துப் பழகிய ஒருவருக்குக் கொடுக்க, பழைய தமிழ்ப் படங்களில் இதைவிடப் பொருத்தமான முதல் படம் இல்லை. பரிந்துரை செய்யும் பெரியவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: கொலையாளி யார் என்று சொல்லிவிடாதீர்கள். வாய் நிற்காதவர் என்றால் படம் முடியும்வரை பக்கத்து அறையில் உட்கார வைத்துவிடலாம்.

காதால் பார்த்த தலைமுறை

யார் பரிந்துரைப்பது என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஒருகாலத்தில் அந்த வேலையை ரேடியோ செய்தது. வானொலியில் ‘ஒலிச்சித்திரம்’ என்ற பெயரில், படத்தின் வசனத்தையும் பாட்டையும் சுருக்கி ஒலிபரப்பினார்கள். கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் கட்டப்பட்ட குழாய் ஸ்பீக்கர்களில் ‘திருவிளையாடல்’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ கதை வசனம் ஓடும். படத்தைப் பார்க்காமலே முழு வசனத்தையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒரு தலைமுறை அப்படி உருவானது. 1975-ல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் வந்தது. ஞாயிறு மாலை தமிழ்ப் படம். எண்பதுகளில் தேசிய ஒளிபரப்பில் ஞாயிறு மதியம் விருது பெற்ற மாநில மொழிப் படம். வேறு சேனல் இல்லாததால் வீடே உட்கார்ந்து எது போட்டாலும் பார்த்தது. சத்யஜித் ரேயின் பெயர் பல தமிழ் வீடுகளுக்குள் வந்தது அப்படித்தான்.

வார இதழ்களின் விமர்சனமும் ஒரு வழிகாட்டி. 1977-ல் ‘16 வயதினிலே’ படத்துக்கு ஆனந்த விகடன் கொடுத்த 62.5 மார்க்கை இன்னும் ஞாபகம் வைத்திருப்பவர்கள் உண்டு. பிற்பாடு ராண்டார் கை, தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் மறந்துபோன படங்களைப் பற்றி விடாமல் எழுதினார்கள். எந்தப் படம் எந்த ஆண்டு, யார் நடித்தது என்ற விவரங்களை ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்துவைத்தார்.

இன்றைக்கு அந்த இடத்தில் அல்காரிதம் உட்கார்ந்திருக்கிறது. அது நேற்று பார்த்ததைப் போலவே இன்னொன்றைத்தான் நீட்டும். ‘காதலிக்க நேரமில்லை’ பார்த்தவருக்கு இன்னொரு நாகேஷ் காமெடி வரும். அதே ஸ்ரீதர் இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆஸ்பத்திரி செட்டுக்குள்ளேயே கிட்டத்தட்ட முழுப் படத்தையும் முடித்து, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்று நெஞ்சைப் பிசையும் கதை ஒன்றைக் கொடுத்தார் என்பதை அது சொல்லாது. சிரிக்க வைத்தவர்தான் அழவும் வைத்தார் என்று அத்தை சொல்வார்.

தலையை வெட்டும் பிரின்ட்

படம் எது என்று தெரிந்த பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் காலப் படங்கள் ஏறக்குறைய சதுரமான ஃபிரேமில் எடுக்கப்பட்டவை. இன்றைய அகலமான திரையை நிரப்புவதற்காக மேலேயும் கீழேயும் வெட்டிவிட்டு யூடியூபில் ஏற்றுகிறார்கள் சிலர். க்ளோசப்பில் நெற்றி இருக்காது. பத்மினி ஆடும்போது பாதமே தெரியவில்லையென்றால், அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? பாட்டைத் தூக்கிவிட்ட பிரதிகளும் உண்டு. எனவே ஒரே படத்துக்கு இரண்டு மூன்று பிரதிகள் இருந்தால், முதல் ஐந்து நிமிடங்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு உட்காருவது புத்திசாலித்தனம். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை தெரிந்தால் கவலை வேண்டாம், அதுதான் முழு ஃபிரேம். கூடவே, வேகத்தை ஒன்றரை மடங்காக வைத்துப் பார்ப்பவர்கள் சிவாஜி படங்களில் அதைத் தவிர்க்கலாம். அவர் எடுத்துக்கொள்ளும் இடைவெளிகளும் நடிப்புதான்.

வெட்டுப்பட்ட பிரதியாவது கிடைக்கிறதே என்று நினைக்க வைக்கும் கதைகளும் உண்டு. மோட்டார் உதிரிபாக வியாபாரியான நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் ‘கீசக வதம்’ இன்று இல்லை. 1931-ல் வெளியான முதல் தமிழ் பேசும் படம் ‘காளிதாஸ்’ இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும், வெயிலிலும் ஈரத்திலும் தானாகவே கெட்டுப்போகும். ஓடி முடித்த பிரின்ட்களை அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கியும் இருக்கிறார்கள். பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்ததே 1964-ல்தான்.

இது கறுப்பு வெள்ளைக் காலத்தோடு முடிந்த கதையல்ல. தன் படங்களின் நெகட்டிவ்கள் அழிந்துபோனதைப் பற்றி பாலுமகேந்திரா வேதனையோடு பேசியிருக்கிறார். தமிழ் சினிமாவுக்கென்று ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கடைசிவரை கேட்டார். மறுபக்கம், 2012-ல் ‘கர்ணன்’ டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டுத் திரைக்கு வந்தபோது கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். தாத்தாக்கள் பேரன்களைக் கூட்டிவந்தார்கள். 2014-ல் எம்.ஜி.ஆரின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்தது. புதுப்பிக்கச் செலவு செய்பவர் பார்ப்பது, இந்தப் படத்தைக் கேட்க ஆள் இருக்கிறதா என்பதைத்தான். யாரும் பெயர் சொல்லாத படத்தின் டப்பாவை யாரும் திறக்கப்போவதில்லை.

சண்டை போடவும் சில படங்கள்

பெரியவர்கள் சொல்லும் எல்லாப் படமும் இனிக்காது. திமிர் பிடித்த மனைவியைக் கணவன் அடக்குவதே கதையான ‘பட்டிக்காடா பட்டணமா’ (1972) அப்பாவுக்கு ஜாலியான படம். மகளுக்குக் கோபம் வரும். வரட்டும். அந்தக் கோபத்தோடு அடுத்ததாக ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ (1977) பார்க்கலாம். ஜெயகாந்தனின் நாவலை பீம்சிங் படமாக்க, கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. அதற்கடுத்து ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ (1978). கலர் வந்து பழகிவிட்ட காலத்தில் கறுப்பு வெள்ளையில், ரஜினி, கமல் இருவரையும் வைத்துக்கொண்டு, ஸ்ரீப்ரியாவின் மஞ்சுவை நடுவில் நிறுத்திய படம். முதலில் கூட்டம் வரவில்லை. பார்த்த கொஞ்சம் பேர் பேசிப் பேசியே அதற்கு இன்றைய இடத்தை வாங்கிக்கொடுத்தார்கள். ருத்ரய்யா அதற்குப் பிறகு இயக்கி வெளியானது ‘கிராமத்து அத்தியாயம்’ என்ற ஒரே ஒரு படம்தான்.

பரிந்துரை எப்போதும் மேலிருந்து கீழேதான் வரவேண்டும் என்பதில்லை. ‘வீடு’ (1988) படத்தை இன்று ஹோம் லோனுக்கு அலைந்துகொண்டிருக்கும் மகனோ மகளோ அப்பாவுக்குப் போட்டுக் காட்டலாம். அந்த வருடம் வேறு படத்துக்குப் போய் இதைத் தவறவிட்டவர்கள்தான் அதிகம். வேலைக்குப் போகும் சுதா, தாத்தா, தங்கையோடு சேர்ந்து சொந்தமாக ஒரு வீடு கட்டப் படும் பாடுதான் கதை. அனுமதி, கான்ட்ராக்டர், சிமென்ட், பணம். அர்ச்சனாவுக்கு இதற்காகத் தேசிய விருது. ஆனால் படத்தில் மனதை விட்டு அகலாதவர் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர். பாதி கட்டிய வீட்டைப் பார்க்க அவர் தனியாகக் கிளம்பிப் போகும் காட்சிக்கு முன்னால் போனை எடுத்து ஓரமாக வைத்துவிடுவது நல்லது.

இதிலும் பாட்டு இல்லை. பின்னணியில் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்திலிருந்து எடுத்த இசை. படம் முடிந்ததும் அப்பா எழுந்து போய் அலமாரியில் அந்த கேசட்டைத் தேடினால், அடுத்து என்ன கேட்பது என்பதும் முடிவாகிவிட்டது.