தவறாதவற்றையும் எண்ணுக



பரீட்சையில் தவறிய மாணவரை மாத்திரம் அழைத்து, "பாடசாலைக்கு ஒழுங்காக வந்தீர்களா?" என ஓர் ஆசிரியர் வினவுகிறார் என வைத்துக்கொள்வோம். அவர்களுட் சிலர் ஒழுங்காக வந்தவர், சிலர் வராதவர். இதனைக் கொண்டு, "வரவுக்கும் தேர்ச்சிக்கும் தொடர்பில்லை" என அவர் முடிவு கட்டலாமா? சித்தியடைந்தோரின் வரவையும் பார்த்த பின்னரன்றோ அவ்வாறு கூறலாம்? இத்தகைய பிழையொன்று ஏழு உயிர்களின் முடிவிலே பங்குகொண்ட வரலாற்றை இன்று கூற விழைகிறேன்.

1986 ஆம் ஆண்டு ஜனவரி 28 ஆம் திகதி, அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து 'சலஞ்சர்' என்னும் விண்ணோடம் புறப்பட்டது. 73 வினாடிகளில் அது சிதைந்தது. எழுவர் மாண்டனர். அவருள் ஒருவர், விண்வெளியிலிருந்து மாணவருக்குப் பாடம் நடத்தச் சென்ற பாடசாலை ஆசிரியை, கிறிஸ்டா மக்கோலிஃப்.

விண்ணோடத்தை உந்திய ஏவுகலத்தின் பகுதிகளை இணைக்குமிடத்திலே றப்பர் வளையங்கள் உண்டு. உள்ளே எரியும் வாயு வெளியே கசியாமற் காப்பது அவற்றின் வேலை. குளிரில் றப்பர் விறைத்துவிடும். அன்று காலை இணைப்பின் வெப்பநிலை பரனைற்று 31 பாகையளவே. அதற்கு முன்னர் 53 பாகைக்குக் கீழ் ஒரு பயணமேனும் நடந்ததில்லை. ஆதலால் பொறியியலாளர் சிலர் முதல்நாளிரவே பயணத்தைத் தடுக்க முயன்றனர். முகாமையாளர் சான்று கேட்டனர். பேச்சிற் பெரிதும் அடிபட்டவை வளையம் பழுதுற்ற பயணங்களே. 53 பாகையிலும் பழுது நேர்ந்தது. 75 பாகையிலும் நேர்ந்தது. எனவே, குளிரே காரணமெனத் துணிய முடியாது என்றாயிற்று.

பழுதுறாத பயணங்களையும் சேர்த்து நோக்கினால் காட்சி முற்றாக மாறுகிறது. ஆராயக்கூடியனவாயிருந்த முன்னைய பயணங்கள் 23. அவற்றுள் 65 பாகைக்குக் கீழ் நடந்தவை 4, நான்கிலும் பழுது. அதற்கு மேல் நடந்தவை 19. அவற்றுள் மூன்றிலே மட்டும் பழுது. இதற்கு உயர்ந்த கணிதம் வேண்டியதில்லை. கலைப்பட்டதாரியாகிய எனக்கே இது விளங்குகிறது. 1989 இல் புள்ளிவிபரவியல் அறிஞர் மூவர் இத்தரவுகளை முறையாகக் கணித்தனர். 31 பாகையில் இவ்விணைப்பினாற் பேரிடர் நேரும் நிகழ்தகவு நூற்றுக்கு 13 எனவும், 60 பாகை வரை காத்திருந்தால் அது நூற்றுக்கு 2 ஆகக் குறைந்திருக்கும் எனவும் மதிப்பிட்டனர்.

விசாரணைக்குழுவில் இருந்த பௌதிக அறிஞர் றிச்சட் ஃபைன்மன் இன்னொன்றையும் கண்டார். விண்ணோடம் அழியும் வாய்ப்பு இலட்சத்தில் ஒன்றென முகாமையாளர் கருதினர். நூற்றில் ஒன்றளவு எனத் தொழிலில் ஈடுபட்ட பொறியியலாளர் கருதினர். இலட்சத்தில் ஒன்றென்றால், நாள்தோறும் ஒன்றை ஏவினும் ஏறத்தாழ 270 ஆண்டுகளில் ஒன்றே அழிய வேண்டும். நடந்ததோ வேறு. 1981 முதல் 2011 வரை நடந்த 135 பயணங்களில் அழிந்தவை இரண்டு. இரண்டாவது 2003 இல் 'கொலம்பியா'.

நேயர்களே, புதிய பொறியொன்றின் எதிர்காலத்தைக் கணிப்போர் நம்மிடம் ஓர் எண்ணைத் தருவர். அவ்வெண் எண்ணிப் பெற்றதா, விரும்பிப் பெற்றதா என்று கேட்போமாக. எண்ணியதெனின், எவற்றை எண்ணாது விட்டனர் என்றும் கேட்போமாக. அன்றிரவு அக்கேள்விக்குரிய விடை அவர்களது ஏடுகளிலேயே இருந்தது.