விருந்தினர்க்குக் காலை உணவு: கேட்டறிந்து பரிமாறுவோம்

2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் நடைபெற்ற 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடுக்கு 180க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் வந்தனர். அத்தகைய பெருவிருந்தாயினும், விடுமுறைக்கு நம் இல்லம் வரும் உறவினராயினும், காலை உணவைத் திட்டமிடுவோர் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: “காலையில் என்ன மருந்து எடுத்துக்கொள்கிறீர்கள்?”

இன்சுலினோ சிலவகைச் சர்க்கரை நோய் மாத்திரைகளோ எடுத்துக்கொண்டவர்க்கு உணவு தாமதமானால், இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கக்கூடும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே 15 கிராம் சர்க்கரையை, அதாவது மூன்று தேக்கரண்டியளவு, நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் அளந்து பாருங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது, 108ஐ அழையுங்கள்.

ஆகவே, உணவு வேளையை முந்தைய இரவே விருந்தினர்க்குத் தெரிவியுங்கள். சொன்ன வேளை தவறாதீர்கள். மேசையில் குடிநீரோடு சர்க்கரைக் கிண்ணமும் இருக்கட்டும்.

இலையின் நுனி உண்பவரின் இடப்புறம் இருக்குமாறு இடுங்கள். உப்பும் ஊறுகாயும் இலையில் முன்னதாகவே வைப்பது வழக்கம். இரத்த அழுத்தம் உள்ளோரைக் கருதி, அவற்றைக் கேட்டவர்க்கு மட்டும் வையுங்கள். கடற்கரை வெப்பத்தில் தேங்காய்ச் சட்னி விரைவில் கெடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காமல், சிறிது சிறிதாக அரைத்துப் பரிமாறுங்கள். சாம்பாரும் பொங்கலும் ஆவி பறக்கும் சூட்டிலேயே இருக்கட்டும்.

“இன்னும் ஓர் இட்லி” என்று வற்புறுத்துவது நம் அன்பின் வழக்கம். “போதும்” என்பவரின் சொல்லை மதிப்பதும் அவ்வன்பே.