செருப்பில் பிறந்த தவளை!

வீட்டில் அறுந்துபோன ரப்பர் செருப்பு ஏதாவது கிடக்கிறதா? உடைந்த கொலுசிலிருந்து உதிர்ந்த சலங்கை? காம்பு ஒடிந்த எவர்சில்வர் கரண்டி? அடியில் கெட்டிப்பட்டுப் போன நகப்பூச்சு? இருந்தால் தயவுசெய்து குப்பையில் போட்டுவிடாதீர்கள். இந்தக் கட்டுரையைப் படித்து முடித்த பிறகு உங்கள் இஷ்டம்!

எனக்குப் பிறந்த ஊர் நாமகிரிப்பேட்டை. நாதஸ்வர வித்வான் கிருஷ்ணன் தம் பெயரோடு சேர்த்து உலகமெல்லாம் அறியச் செய்தாரே, அதே ஊர்தான். ஒரு பக்கம் கொல்லிமலை, மறுபக்கம் போதமலை, நடுவே மஞ்சள் காடும் மரவள்ளிக் காடும். 1997-இல் நாமக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை நாங்கள் சேலம் ஜில்லாக்காரர்கள். சென்னையில் குடித்தனம் வைத்த பிறகும், பள்ளி விடுமுறை வந்தால் குழந்தைகளோடு அங்கே போய்விடுவது என் வழக்கம்.

போன தடவை என் மகன் கையில் ஒரு புதுத் தூண்டிலோடு கிளம்பினான். அதன் நுனியில் மாட்ட ஒரு ரப்பர் தவளை. அதன் விலை எங்கள் வீட்டு மூன்று நாள் காய்கறிச் செலவு! ஏரிக்கரையில் நின்று முதல் வீச்சு வீசினான். நூல் அறுந்தது. தவளை அல்லிக்கொடிக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்து முழித்தது. பையனுக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவாத கண்ணு. அது போனாப் போகுது. வீட்ல என்ற பழைய செருப்பு கெடக்குது. நாளைக்கு நாம்பளே ஒண்ணு செஞ்சுக்கலாம்" என்றார் என் தகப்பனார்.

"செருப்புலயா, அப்புச்சி?" என்று பையன் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

நீங்களும் சிரிக்கிறீர்கள் அல்லவா? கொஞ்சம் பொறுங்கள்.

பொய் இரையின் பூர்வோத்தரம்

உயிருள்ள புழுவுக்குப் பதிலாக, இரையைப் போலத் தோன்றும் ஒரு பொம்மையைக் காட்டி மீனை ஏமாற்றுவதுதான் இந்த வித்தை. அமெரிக்காவில் 'பாஸ்' என்று ஒரு மீன் உண்டு. அதைப் பிடிப்பதற்கென்றே அந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் பொம்மை இரைகள் விற்கின்றன. ஆனால் அவற்றின் ஆதி கதையைக் கேட்டால் வீட்டுச் சாமானில்தான் போய் முடிகிறது!

வெர்மான்ட் மாகாணத்தில் ஜூலியோ பியூயெல் என்பவர் படகில் உட்கார்ந்து சாப்பிடும்போது கரண்டி தவறி ஏரியில் விழுந்ததாம். பளபளவென்று சுழன்றுகொண்டே மூழ்கிய கரண்டியை ஒரு பெரிய மீன் பாய்ந்து கவ்வியதாம். கதை எவ்வளவு தூரம் நிஜமோ, அவர் கரண்டி இரைக்கு 1852-இல் காப்புரிமை வாங்கியது நிஜம். பின்லாந்தில் லௌரி ரபாலா என்ற ஏழை மீனவர் 1936-இல் தக்கையைச் செருப்புத் தைக்கும் கத்தியால் செதுக்கி, சாக்லெட் சுற்றி வந்த ஜிகினாத் தாளை அதன்மேல் ஒட்டி, போட்டோ நெகடிவை உருக்கிப் பூசி ஒரு குட்டி மீன் செய்தார். 1962 ஆகஸ்டில், மர்லின் மன்றோவின் படத்தை அட்டையில் தாங்கி வந்த 'லைஃப்' பத்திரிகை இதழிலே ரபாலாவின் மீனைப் பற்றியும் கட்டுரை வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா?

இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று எண்ணிவிட வேண்டாம். தூண்டில் கலையைப் பற்றி ஆங்கிலத்தில் அச்சான முதல் நூல் வெளிவந்தது 1496-இல். அதை இயற்றியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னிமடத் தலைவி என்பது பரம்பரையாக வரும் நம்பிக்கை. நம் பக்கத்தில், சென்னை ராஜதானியில் கலெக்டர் உத்தியோகம் பார்த்த எச். எஸ். தாமஸ் என்ற வெள்ளைக்காரர் 1873-இல் இந்திய ஆற்று மீன்களைத் தூண்டிலிட்டுப் பிடிப்பது பற்றியும், 1887-இல் ஏரி குளங்களில் தூண்டில் போடுவது பற்றியும் புத்தகங்கள் எழுதினார்.

நம் ஊர் 'பாஸ்'

நம் ஏரியில் பாஸ் கிடையாது. ஆனால் அதற்கு அண்ணனாக விரால் இருக்கிறதே! உறவுமுறையில் இரண்டும் வேறு வேறு ஜாதி, குணத்தில் ஒன்று. தாமரை இலைக்கும் பாசிக்கும் அடியில் அசையாமல் பதுங்கியிருக்கும். தவளையோ சிறு மீனோ மேலே நகர்ந்தால் 'தடால்' என்று பாயும். விராலுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. அது காற்றைச் சுவாசிக்கும். அடிக்கடி நீர் மட்டத்துக்கு வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டுப் போகும். வர விடாமல் நீருக்குள்ளேயே அடைத்து வைத்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். மீனுக்கு இப்படியும் ஒரு தலையெழுத்து! நீர்ப்பரப்பில் சின்னக் குமிழியும் வட்டமும் தெரிந்தால் அங்கே விரால் இருக்கிறது என்று அனுபவசாலிகள் கண்டுகொள்வார்கள்.

முன்பெல்லாம் விராலுக்கு உயிருள்ள தவளையையே முள்ளில் குத்துவார்கள். பாவம், அது துடிக்கும். தவளை போனால் வயலில் பூச்சி பெருகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. அதனால்தான் தவளைக்கால் ஏற்றுமதியை இந்திய அரசு 1987-இல் தடை செய்தது. செருப்புத் தவளைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. துடிக்காது; சாகாது; மறுநாளும் வேலைக்கு வரும்.

செய்முறை

வேண்டிய சாமான்கள்: பழைய ரப்பர் செருப்பு ஒன்று, தூண்டில் கடையில் கிடைக்கும் நீளக் காம்புள்ள இரட்டை முள் ஒன்று, கம்பளி நூல் கொஞ்சம், சிறிய இரும்பு நட் ஒன்று, பசை, நகப்பூச்சு.

செருப்பின் அடிப்பாகத்திலிருந்து சுமார் 6 சென்டிமீட்டர் நீளம், 2½ சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு நறுக்கிக்கொள்ளுங்கள். முள்ளின் காம்பு நீளமாகவோ குட்டையாகவோ இருந்தால் துண்டையும் அதற்குத் தக்கபடி நறுக்கலாம். முன்பக்கம் கூராகவும் பின்பக்கம் ஒல்லியாகவும் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். வயிற்றுப் பக்கம் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, முள்ளின் காம்பை அதற்குள் படுக்க வையுங்கள். முள்ளின் காது தவளையின் மூக்கில் வெளியே தெரிய வேண்டும். இரண்டு கூர்களும் பின்புறமாக வளைந்து மேலே வந்து, முதுகை ஒட்டினாற்போல் நிற்க வேண்டும். இதுதான் சூட்சுமம்! கூர் முதுகோடு ஒட்டியிருப்பதால் பாசியில் மாட்டாது. மீன் கவ்வும்போது ரப்பர் அமுங்கிக் கூர் வெளிப்படும்.

கீறலிலேயே நட்டையும் வைத்துப் பசையால் மூடிவிடுங்கள். சத்தம் வேண்டுமானால் கொலுசுச் சலங்கை ஒன்றையும் உள்ளே புதைக்கலாம். பின்பக்கத்தில் கம்பளி நூலைக் கோத்து இரண்டு கால்கள் விடுங்கள். முதுகுக்குக் கறும்பச்சை, வயிற்றுக்கு வெளிர் மஞ்சள் என்று நகப்பூச்சு தடவுங்கள். மீன் கீழேயிருந்து பார்க்கிறது. அதன் கண்ணில் படுவது வயிறுதான். முதுகில் செய்யும் வேலைப்பாடெல்லாம் நம் திருப்திக்கு!

காய்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பாருங்கள். கூர் மேல்நோக்கி நின்றால் தேர்வில் பாஸ். கவிழ்ந்தால் வயிற்றில் இன்னும் கொஞ்சம் கனம் சேர்க்க வேண்டும். கனத்துக்காக ஈயத்தை உருக்குகிறேன் என்று யாராவது சமையலறைப் பக்கம் வந்தால் விரட்டிவிடுங்கள். அதன் புகையும் துகளும் நஞ்சு.

கரண்டி இரை இன்னும் சுலபம். காம்பை எடுத்துவிட்டு, ஓரத்தை அரத்தால் மழுங்கத் தேய்த்து, இரு நுனியிலும் பட்டறையில் துளை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குறுகிய நுனியில் நூல். அகன்ற நுனியில் வளையம் மாட்டி அதில் முள். கரண்டி சுழலுவதால் நூல் முறுக்கிக்கொள்ளும்; நடுவே ஒரு சுழல் வளையம் அவசியம். இது மூழ்கும் இரை. பாசியில்லாத திறந்த நீருக்கே ஏற்றது.

தூண்டில் வாங்கும்போது

கடைக்காரர் எதை எடுத்துக் காட்டினாலும் தலையாட்டிவிடாதீர்கள். பட்டுப் புடவை எடுக்கும்போது எத்தனை கேள்வி கேட்கிறோம்!

குழந்தைகளுக்கு மூங்கில் கழி, தங்கூசி நரம்பு, தக்கை, மண்புழு போதும். கெண்டையும் ஜிலேபியும் பிடிக்கலாம். (1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி இன்று இல்லாத குளம் அபூர்வம்.) விராலுக்குத் தவளையை வீசுவதென்றால் ரீல் வேண்டும். கழி ஆறரை அல்லது ஏழு அடி நீளம், நுனி சற்று வளைந்து அடிப்பாகம் விறைப்பாக இருக்கட்டும். முள் ஏறியதும் விரால் பாசிக்குள் புகுந்துகொள்ளப் பார்க்கும். அதை உடனே இழுக்க வலு வேண்டும். நூல் 15 அல்லது 20 கிலோ தாங்கும் பின்னல் நூலாக இருப்பது நல்லது. எங்கள் பையன் தவளையைப் பறிகொடுத்தது நூலில் கஞ்சத்தனம் செய்ததால்தான். முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்தபடி இறுக்கினால் உரசலில் சூடேறி நரம்பு பலம் இழந்துவிடும்.

முள்ளின் கூரில் எப்போதும் ஒரு தக்கைத் துண்டு செருகியிருக்கட்டும். வீசும்போது பின்னால் யார் என்று பார்த்து வீச வேண்டும். முள் சதையில் ஆழமாக ஏறிவிட்டால் இழுத்துப் பிடுங்காமல் டாக்டரிடம் போங்கள். அறுந்த நரம்பைக் கரையில் விட்டு வராதீர்கள்; கொக்கின் காலில் சுற்றிக்கொள்ளும். ஏரி மீனை ஏலத்திலோ குத்தகையிலோ எடுத்தவர் இருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை மட்டுமல்ல, அவசியமும்கூட.

அன்று சாயங்காலம்

செருப்புத் தவளையோடு மறுநாள் ஏரிக்குப் போனோம். பையன் வீசி, இரண்டு சொடுக்கு, ஒரு நிறுத்தம் என்று தாத்தா சொன்னபடி இழுத்தான். திடீரென்று, "அப்புச்சி, அங்க பாருங்க!" என்று கத்தினான். கரைக்குப் பக்கத்தில் நீர் செக்கச்செவேல் என்று கொதிப்பதுபோல் தெரிந்தது. நூற்றுக்கணக்கான சிவப்புக் குஞ்சுகள் ஒரே பந்தாகத் திரண்டு மேலே வந்தன. அவற்றின் கீழே கருப்பாக ஒரு பெரிய நிழல்.

பையன் கழியை ஓங்கிவிட்டான்.

"வேண்டாஞ் சாமி!" என்று என் தகப்பனார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அது காவலுக்கு நிக்கற விரால். குஞ்சுக்கிட்ட எது வந்தாலும் பாயும். இப்ப வீசுனா மொத வீச்சுலயே சிக்கிக்கும். அதைப் புடிக்கறது பெரிய கெட்டித்தனம் இல்லீங்க கண்ணு. அது போச்சுன்னா இத்தனை குஞ்சையும் மத்த மீனுங்க பொழுது சாயறதுக்குள்ள முழுங்கிப் போடும்."

"அது அம்மா மீனா, அப்புச்சி?"

"அப்பனாத்தான் இருக்கும்" என்றார் அவர்.

உண்மைதான். விராலில் குஞ்சுக்குக் காவல் நிற்பது பெரும்பாலும் ஆண் மீன். பிடிக்க மிகச் சுலபமான நேரமும், பிடிக்கவே கூடாத நேரமும் அதற்கு ஒன்றுதான். ஏரியில் அடுத்த வருஷமும் விரால் இருக்குமா என்பது, அந்த ஒரு நிமிஷத்தில் கழி பிடித்தவர் கையில் இருக்கிறது.

பையன் சிறிது நேரம் அந்தச் சிவப்புப் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தானாகவே நூலைச் சுற்றி, முள்ளில் தக்கையைச் செருகினான்.

வீட்டுக்கு வெறுங்கையோடுதான் திரும்பினோம். வாசலில் காத்திருந்த என் தாயார், "மீன் எங்கீங்க சாமி?" என்று கேட்டாள்.

"குஞ்சு வெச்சிருக்குது, அம்மாயி. பெரிசாகட்டும்னு விட்டுட்டு வந்துட்டோம்" என்றான், ஏதோ ஏரியையே குத்தகைக்கு எடுத்தவன் மாதிரி.

அன்று இரவு கத்தரிக்காய்க் குழம்புதான். செருப்புத் தவளை இப்போது எங்கள் சென்னை வீட்டில், பையன் மேஜை மேல், அடுத்த விடுமுறைக்காகக் காத்திருக்கிறது.